காலண்டரில் இருந்த ஒரே வெள்ளைக் கட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. என் உடல்நிலையை விசாரித்திருந்தாய். முழங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கின்றன. மற்ற உறுப்புகள் ஒத்துழைக்கின்றன. உன் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. அறுபத்து நான்கு வயதில் மறுமணத்துக்குப் புறப்பட்டவன் நலமாகத்தான் இருப்பான். மரியாதைகள் முடிந்தன; விஷயத்துக்கு வருகிறேன்.

உன் திருமணத்துக்கு என்னால் வர முடியாது. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்பதால் எழுதுகிறேன். உன் பிள்ளைகள் இருவரும் வர மறுத்துவிட்டார்கள் என்பதும், பதிவு அலுவலகத்தில் உன் பக்கத்து நாற்காலிகள் காலியாகக் கிடக்கும் என்பதும், மணமகளான நர்ஸம்மாவின் பக்கத்தில் மட்டும் ஒரு வார்டே திரண்டு நிற்கும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. "நீ ஒருத்தி வந்து நின்னாப் போதும்கா" என்று நீ சொன்னது காதிலேயே இருக்கிறது. உன் மூத்த பிள்ளை என்னையும் விட்டுவைக்கவில்லை. "அப்பாவுக்குக் கல்யாணம், அத்தைக்கு லா காலேஜ். நம்ம குடும்பத்துல யாருக்குமே வயசாகாதா?" என்று கேட்டான். உனக்குத்தான் ஆகிவிட்டது போலிருக்கிறது என்றேன். அதிலிருந்து என்னோடும் பேசுவதில்லை. ஆகையால் நான் வராததற்கு மனம் காரணமல்ல, காலண்டர்தான் காரணம்.

பணி ஓய்வுக்குப் பிறகு சட்டம் படிக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். வார இறுதி மாணவி என்றால் என்ன என்பது தெரியாது. வேலைக்குப் போகிறவர்களுக்காகவே கருணையோடு தொடங்கப்பட்ட வகுப்பு என்பதால், சேர்ந்தவர்களுக்கான வரவேற்புக் கூட்டத்தை ஒரு புதன்கிழமை முற்பகலில் வைத்தார்கள். எங்களுக்கு வகுப்பு சனியும் ஞாயிறும். கல்லூரி அலுவலகத்துக்கு விடுமுறையும் சனியும் ஞாயிறும். எனவே மூன்று பருவங்களாக அலுவலகத்தின் பூட்டை மட்டுமே பார்த்திருக்கிறேன், நல்ல பூட்டு. தேர்வுக்கு முன் படிப்பதற்கென்று விடுமுறையும் தருகிறார்கள், திங்கள் முதல் வெள்ளி வரை, அதாவது எங்களுக்கு வகுப்பே இல்லாத நாட்களில். இவை அனைத்தும் ஒரு காலண்டராக அச்சாகி வரும்: வகுப்புக்கு மஞ்சள், தேர்வுக்குச் சிவப்பு, விடுமுறைக்குப் பச்சை, விடுமுறையை ஈடுகட்டும் வகுப்புக்கு ஊதா. அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்து, அதன் உத்தரவின்றி நான் கண் மருத்துவரிடம் போவதில்லை, குழாய் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுவதில்லை, காய்ச்சலைக்கூட வார நாட்களில்தான் அனுமதிக்கிறேன். வகுப்பு நேரத்தில் போன் செய்யாதே என்பதற்காக உனக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். வாழ்நாளில் நான் செய்த பெரிய மடத்தனம் அதுதான்.

நீ முதலில் குறித்த சனிக்கிழமை சிவப்பில் விழுந்தது. அன்று குடும்பச் சட்டத் தேர்வு. சொந்தக் குடும்பத்துத் திருமணத்தைத் தவறவிட்டுக் குடும்பச் சட்டம் எழுதுவது எனக்கே கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியதால், வகுப்பு ஒருங்கிணைப்பாளரிடம் போனேன். பேரன் வயதுள்ளவர், ஆனால் 'இல்லை' என்று சொல்வதில் மூத்த அதிகாரிகளின் முதிர்ச்சி. "தேர்வை மாத்தணும்னா மொத்த வகுப்பும் ஒரே தேதியச் சொல்லி எழுதித் தரணும் மேடம்" என்றார், அது நடக்காது என்ற நிம்மதியோடு. நடத்திக் காட்டினேன். எங்கள் வகுப்பில் யாரும் வெறும் மாணவர் அல்லர். ஆளுக்கொரு பிழைப்பு, ஆளுக்கொரு மாமியார். ஒரு தேதி சொன்னால் பல் டாக்டருக்கு மாநாடு. அடுத்ததில், வகுப்பு முழுக்கத் தூங்கும் இன்ஸ்பெக்டருக்குப் பந்தோபஸ்து.

"அப்போ எந்தத் தேதியில உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல?" என்று கேட்டேன்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க மேடம், தூங்கி எழுந்து கையெழுத்துப் போடறேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

கைப்பையில் இருந்த காலண்டர் பிரதியைப் பிரித்தேன். நிறம் பூச மறந்த ஒரே ஒரு சனிக்கிழமை வெள்ளையாக இருந்தது. வகுப்பும் இல்லை, விடுமுறையும் இல்லை. பல்கலைக்கழகமே அந்த நாளை மறந்திருந்தது. எல்லோரும் கையெழுத்திட்டார்கள். தேர்வு அங்கே போய் உட்கார்ந்தது. வெற்றியோடு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நம் கடைசித் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, ஒரு நல்ல சேதி. உனக்குப் பரீட்சைன்னு தெரிஞ்சு அண்ணன் கல்யாணத்தையே தள்ளி வெச்சுட்டாரு! உன்கிட்ட சொல்லாதே, கடைசியில சொல்லிக்கலாம்னாரு. எனக்குத்தான் வாய் நிக்கல."

"எந்தத் தேதிக்கு?"

"நீ அனுப்பின காலண்டர்ல வெள்ளையா ஒண்ணு இருந்துச்சாமே, அதுக்கு."

குறுகலான நடையில் எதிரெதிரே வருகிற இருவர் ஒருவருக்கொருவர் வழிவிடுவதாக ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பாய். நாம் அதற்கு எழுத்துமூலம் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒருங்கிணைப்பாளரிடம் மீண்டும் போனேன். "இந்தத் தேதியக் கேட்டதே நீங்கதானே மேடம்?" என்றார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நீயாவது மாற்றுவாயா என்றால், வார நாட்களில் நர்ஸம்மாவை மருத்துவமனை விடாது, ஞாயிற்றுக்கிழமை பதிவு அலுவலகம் திறக்காது. தவிர, "இன்னொரு தரம் தேதி மாத்தினா மாப்பிள்ளையையும் மாத்திடுவேன்" என்று அவர் சொல்லியிருப்பதாகத் தங்கை சொல்கிறாள். அவரை நான் பார்த்ததில்லை. இந்த ஒரு வாக்கியத்தால் எனக்குப் பிடித்துவிட்டது.

ஆகவே என் முடிவு இதுதான். அல்லும் பகலும் படித்துத் தயாராகிவிட்டேன். ஒரு திருமணத்துக்காக ஒரு பருவத்தை இழக்க மாட்டேன். நீ என்னைக் கேட்காமல் என் வசதியைக் கவனித்தாய். அதன் பலனை அனுபவி. காலி நாற்காலிகளைப் பார்க்காதே, நர்ஸம்மாவைப் பார். ரத்த அழுத்த மாத்திரையை மறக்காதே. இனி அதை நினைவூட்ட வீட்டிலேயே ஆள் இருக்கும் என்பதுதான் இந்தத் திருமணத்தில் எனக்குத் தெரிகிற உடனடி லாபம். இருவரும் ஒருவரையொருவர் திருத்த முயலாமல் நெடுங்காலம் வாழ்க.

இப்படிக்கு,
உன்னைவிட மூத்தவளும், ஆகையால் சரியானவளுமான
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு வகுப்புக்குப் போய் இதைச் சொல்லிப் புலம்பினேன். "அவரு பக்கம் நிக்க ஒருத்தர்கூட இல்லையா மேடம்?" என்று இன்ஸ்பெக்டர் விழித்துக்கொண்டார், யாரும் எழுப்பாமல் அவராகவே விழித்தது மூன்று பருவங்களில் இதுவே முதல் முறை. பல் டாக்டர் விதிப் புத்தகத்தைப் புரட்டி, "வகுப்புல பாதிப் பேருக்கு மேல வரலன்னா பரீட்சையத் தள்ளி வெச்சே ஆகணும்னு போட்டிருக்கே!" என்றார். "கல்யாணம் எத்தனை மணிக்கு மேடம்?" என்று மொத்த வகுப்பும் என் பக்கம் திரும்பியது. நான் கண்டித்திருக்க வேண்டும். வேன் பேசினேன். உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே உள்ளதை ரத்து என்று கொள்க. சனிக்கிழமை உன் பக்கத்தில் மொத்த வகுப்பும் நிற்கும்; சாப்பாட்டைக் கூட்டிச் சொல், நாற்காலியும் போதாது. அன்பினால் வருகிறார்கள் என்று எண்ணிக் கண் கலங்காதே. குடும்பச் சட்டத்தை ஒருவரும் படிக்கவில்லை. நானும்தான்.