மாமா வீட்டு வாசம் எட்டாத எல்லை

துனிஸ், பாப் சூயிக்கா
வியாழன், காலை ஒன்பது மணி

என் தாயின் அண்ணனும், தந்தை போன பிறகு எனக்குத் தந்தையின் இடத்தில் நிற்பவரும், எல் காலா துறைமுகத்தில் படகு மோட்டார் பழுதுபார்ப்பவர்களிலேயே நேர்மையானவருமான தர்ராஜி மாமா அவர்களுக்கு, தங்கை மகன் பாதீஸ் பணிவோடு சொல்லும் ஸலாம்.

இறைவன் உங்கள் முழங்காலுக்குச் சுகத்தையும் ஸுபைதா மாமியின் அடுப்புக்கு நீண்ட ஆயுளையும் தருவானாக. நான் இங்கே நலம். உங்கள் நலம் கேட்க நேற்று மாலையிலிருந்து இருபத்து மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை. ஆகவே நலமாகவும் கோபமாகவும் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இதை அன்னாபாவுக்கு டாக்சி ஓட்டும் ஹம்மாவிடம் கொடுத்தனுப்பப் போகிறேன். அவர் உங்கள் ஊர் வழியாகத்தான் போவார். வண்டியில் நான்கு இருக்கைகள். மூன்று நிறைந்துவிட்டன. நான்காவது ஆள் வந்ததும் கிளம்பிவிடுவார். அதுவரை எனக்கு நேரம். அதற்குள் நான் மன்னிப்பும் கேட்க வேண்டும்.

முதலில் குற்றம். நேற்று, புதன்கிழமை, உம் தபூல் எல்லையில், உங்கள் வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டரில் இருந்தேன். ஒரு மணி நாற்பது நிமிடம். சாப்பிட வரவில்லை.

இப்போது காரணம். துனிசியாவில் அல்ஜீரியர்களான நம் ஆட்களுக்குத் தொண்ணூறு நாள் தங்க அனுமதி. தொண்ணூறாவது நாள் எல்லையைத் தாண்டி நம் பக்கம் ஒரு மூச்சு விட்டுவிட்டுத் திரும்பினால் புதிதாகத் தொண்ணூறு. மூன்று ஆண்டுகளாக நான் இப்படித்தான் சுற்றுலாப் பயணி. ஒரே அறையில், ஒரே மேசையில், மருந்துப் பெட்டிக்குள் வரும் விளக்கச் சீட்டுகளை மொழிபெயர்த்துக்கொண்டு சுற்றுலா. நேற்று தொண்ணூறாவது நாள். நாளை வெள்ளிக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, எம்னா என்கிற பெண்ணை அவள் தந்தையிடம் கேட்கப் போகிறேன். இதை உங்களிடம் இப்போதுதான் சொல்கிறேன் என்பது எனக்கே இந்த வரியை எழுதும்போதுதான் உறைக்கிறது. அம்மாவுக்குத் தெரியும். குஸந்தீனாவிலிருந்து போனில் பெண்ணோடு பேசி, அவள் குரலில் இருந்தே நல்ல சமையல்காரி என்று முடிவுகட்டிவிட்டாள். எம்னா மருந்தாளர். நான் மொழிபெயர்த்த ஓர் இருமல் மருந்தின் விளக்கச் சீட்டில் உணவுக்கு முன் என்பது உணவுக்குப் பின் என்று ஆகியிருந்ததைக் கண்டுபிடித்து, என்னைத் திட்டுவதற்காக அலுவலகம் தேடி வந்தவள். அப்படித் தொடங்கியது. அவள் தந்தை மோன்ஜி, எல்லைக் காவலில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மனிதரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பாஸ்போர்ட்டைப் பார்ப்பவர். அவர் வீட்டு வாசலில் அனுமதி முடிந்தவனாகப் போய் நிற்க முடியுமா? கதவு திறக்காது. எம்னாவே சொன்னாள், முத்திரை இல்லாமல் வந்தால் அப்பா உனக்குக் காபி தரமாட்டார், வாக்குமூலம்தான் எடுப்பார் என்று.

ஆகவே புதன்கிழமை எல்லையைத் தாண்டி அன்றைக்கே திரும்பியாக வேண்டும். எந்த எல்லை என்பதுதான் கேள்வி. கமீஸ் அண்ணன் காபிக்கடையில் நம் ஆட்கள் கூடினார்கள். இதில் ஆளுக்கொரு கட்சி உண்டு, கால்பந்தைப் போல. ஒருவர் தெற்கே ஹஸூவாவைச் சொன்னார், அங்கே காவலர்களுக்குப் பேச்சுத் துணையே இல்லாததால் வருகிறவர்களைக் கொண்டாடுவார்களாம். ஒன்பது மணி நேரப் பாலைவனம். ஒருவர் பூஷெப்கா. ஒருவர் சாக்கியத். ஆனால் என் கணக்கு வேறு, மாமா. நான் வரைபடத்தைப் பார்க்கவில்லை, உறவினர் பட்டியலைப் பார்த்தேன். சாக்கியத்துக்கு அந்தப் பக்கம் சூக் அஹ்ராஸில் அப்பாவின் அக்கா. பூஷெப்காவுக்கு அந்தப் பக்கம் திபெஸ்ஸாவில் அவருடைய மூன்று மகன்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு ஆட்டுப் பட்டி. உம் தபூலுக்கு அந்தப் பக்கம் நீங்கள்.

உங்கள் மீது எனக்குப் பயம் இல்லை. அன்பின் மீதுதான் பயம். போன ஆண்டு ஒரு மதியச் சாப்பாட்டுக்கு வந்தேன். பதினோராம் நாள் திரும்பினேன். மூன்றாம் நாளே கிளம்பியிருப்பேன், மாமி என் காலணிகளை ரவை டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தார். விருந்தாளியின் செருப்பை ஒளிப்பது நம் வீடுகளில் மரியாதை என்று எனக்கும் தெரியும். மழை பெய்தால் இன்றைக்கும் அந்தக் காலணியில் ரவை ஊறுகிறது. புதன்கிழமை உங்கள் வீட்டில் ஒரு வாய் உண்டிருந்தால் வெள்ளிக்கிழமை என்பது எனக்கு அடுத்த மாதம் வந்திருக்கும்.

எனவே பபூஷ் எல்லையைத் தேர்ந்தெடுத்தேன். ஐன் திராஹாம் மலைக்கு மேலே, காட்டுக்குள். மாமியின் வெங்காயம் வதங்கும் வாசம் எட்டாத தூரம். கடையில் கைதட்டினார்கள்.

விடிந்ததும் வேன் நிலையம் போனேன். இங்கே ஊர் வேன்கள் எட்டுப் பேர் சேர்ந்தால்தான் நகரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஐன் திராஹாம் வேனில் நான் ஒருவன். ஓட்டுநர் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தபர்க்கா வேன். அதில் ஏழு பேர். எட்டாவது ஆளுக்காக நாற்பது நிமிடமாகக் காத்திருக்கும் ஏழு பேர். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் எப்படி விவரிப்பேன். பசித்தவர்கள் ரொட்டியைப் பார்ப்பார்கள் அல்லவா. நான் மலைக்குப் போகிறேன் என்றேன். தபர்க்காவிலிருந்து மலை பக்கம்தான் என்றார் ஒருவர். என் பேத்திக்குப் பல் முளைக்குது, நான் போகணும் என்றார் ஒரு பெரியம்மா. பேத்தியின் பல்லுக்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் பை உள்ளே போய்விட்டது. பைக்குப் பின்னால் நான். தபர்க்காவில் இறங்கினால், மலைப்பாதையில் பனி விழுந்து வண்டி போகாது என்றார்கள். மீதி இருந்தது ஒரே எல்லை.

உங்கள் எல்லை.

இந்தப் பக்கம் வெளியேறும் முத்திரை. இரண்டு காவல் சாவடிகளுக்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டுச் சாலை. நடந்தேன். இங்கே நான் எந்த நாட்டுக்காரனும் இல்லை என்று நினைத்தேன். பெரிய சிந்தனை ஒன்று வரும் என்று நின்று பார்த்தேன். பசி வந்தது. நம் பக்கம் உள்ளே நுழையும் முத்திரை. சாவடிக்கு அடுத்த தேநீர்க் கடையில், எல் காலா சாலைக்கு முதுகைக் காட்டி, குல்லாவை மூக்கு வரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதுகு சுட்டது. சத்தியமாக. ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்து எழுந்து, திரும்பவும் வெளியேறும் முத்திரை வாங்கி, துனிசிய ஜன்னலுக்கு வந்தேன்.

ஜன்னலில் இளம் அதிகாரி. சுற்றுலாப் பயணிக்கு வேலை இருக்கக் கூடாதே என்று, நான் நிரப்பிய சீட்டில் தொழில் என்ற இடத்தில் கவிஞன் என்று எழுதியிருந்தேன். அதைக் கொஞ்ச நேரம் வருத்தமாகப் பார்த்தார். காலைலதான போன, அதுக்குள்ள வந்துட்ட, யாரப் பாக்கப் போன என்றார். மாமாவை என்றேன். பொய்தான். மன்னியுங்கள்.

"என்ன சாப்ட்ட?"

"மீன் போட்ட குஸ்குஸ்."

அவர் ஜன்னலுக்கு வெளியே எட்டி என் கைகளைப் பார்த்தார்.

"தம்பி, எனக்கும் தாய்மாமன் இருக்காரு. தாய்மாமன் வீட்டுக்குப் போயிட்டு வெறுங்கையோட திரும்பி வந்தவன நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. அந்த பெஞ்சுல உக்காரு. யோசிச்சு உண்மையச் சொல்லு."

உட்கார்ந்தேன். நம் நாட்டிலிருந்து வெளியேறியாகிவிட்டது, இந்த நாட்டுக்குள் இன்னும் வரவில்லை, ஒரு பெஞ்சின் குடிமகனாக இருந்தேன். வெள்ளிக்கிழமை என் கண் முன்னால் கரைந்தது. வரிசையில் நின்றவர்கள் என் கைகளைப் பார்த்தார்கள். அப்படி வெறுமையான கைகளை நானும் அதுவரை பார்த்ததில்லை.

அப்போதுதான் நான்கு பைகளோடு ஓர் அக்கா வந்து பக்கத்தில் அமர்ந்தார். துனிசில் மகளைப் பார்க்கப் போகிறாராம். நடந்ததையெல்லாம் வரிசையிலிருந்தே கேட்டிருக்கிறார். ஒரு பையை என் மடியில் வைத்து, இத உன் மாமா வீட்டுல குடுத்ததுன்னு சொல்லு, போ என்றார். பை சூடாக இருந்தது. நான் அழாத குறை. உன் மாமா பேரு என்ன என்று பேச்சுக்குத்தான் கேட்டார். சொன்னேன். எந்த தர்ராஜி, மோட்டார் தர்ராஜியா என்றார். ஆமாம் என்றேன். அவர் வாய் திறந்தபடி நின்றது. நீங்கள் ஊகித்திருப்பீர்கள். மாமியின் சித்தி மகள் தெலீலா அக்கா. காலையில் உங்கள் வீட்டில் இறங்கி, உங்கள் வீட்டில் உண்டு, உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த உங்கள் வீட்டு பூரெக்கை வாங்கிக்கொண்டு வருகிறவர்.

ஆக நான் அதிகாரியிடம் சொன்னது பொய் இல்லை என்று ஆகிவிட்டது. அவர் பையைப் பிரித்தார், முகர்ந்தார், இது மாமி கை வேலதான் என்று ஒப்புக்கொண்டு முத்திரை குத்தினார். தொண்ணூறு நாள். அடுத்த தடவ நெசமாவே போய்ச் சாப்டு என்று பாஸ்போர்ட்டைத் தந்தார்.

ஆனால் அதற்குள் தெலீலா அக்கா உங்களை அழைத்துவிட்டார். நல்ல மனதோடுதான். போனை என் காதில் வைத்தார். ஸலாம் சொன்னேன். மறுமுனையில் சுத்தியல் ஓசை நின்றது.

"பதினஞ்சு கிலோமீட்டர்ல வந்து நின்னுட்டு என் பூரெக்க அடுத்தவ கையால வாங்கித் திங்கிறான். தெலீலா, அந்தப் பேர்ல எனக்கு மருமகன் யாரும் இல்லன்னு சொல்லு."

அவ்வளவுதான். அக்கா சொன்னார். நானும் கேட்டேன். பூரெக் பன்னிரண்டு இருந்தன. பத்தைத் தபர்க்கா வருவதற்குள் தின்றுவிட்டேன். கண்ணீரோடுதான். உருளைக்கிழங்கில் மாமி இப்போது கொத்தமல்லி கூடுதலாகப் போடுகிறார், நன்றாக இருக்கிறது.

மாமா, இனி அமைதியாக இருங்கள். நாளைக்காக நீங்கள் அலைய வேண்டாம். பெண் கேட்க ஒரு பெரியவர் வேண்டும், பையன் வாய் திறக்கக் கூடாது என்ற வழக்கம் எனக்குத் தெரியும். அதற்குக் கமீஸ் அண்ணனை ஏற்பாடு செய்துவிட்டேன். வயது அறுபத்தெட்டு, கோட்டு சூட்டு இருக்கிறது, குரல் கனம். உங்கள் முழங்காலை நினைத்துத்தான். உங்கள் பாஸ்போர்ட் காலாவதியாகியிருக்கும் என்றும் நினைத்தேன். எல்லாம் ஒழுங்காகிவிட்டது. முத்திரை இருக்கிறது, பெரியவர் இருக்கிறார், குறை ஒன்றும் இல்லை. நிச்சயம் முடிந்து, உங்கள் கோபமும் ஆறி, ஒருநாள் எம்னாவோடு வருகிறேன்.

மாமிக்கு என் ஸலாம். துறைமுகத்துப் பூனைகளுக்கும். இறைவன் உங்கள் வலையில்லாத கைகளுக்கும் மீன் தருவானாக, உங்கள் மேசையருகே ஒரு நாற்காலியும் ஒருபோதும் காலியாக இல்லாதிருக்கட்டும்.

உங்கள் மருமகன் (நீங்கள் அனுமதித்தால்)
பாதீஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மோன்ஜி அவர்கள், நான் உட்கார்ந்து எழுதும் கமீஸ் அண்ணன் கடைக்குள் வந்தார். நாளைக்கு முன் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். கையை நீட்டினார். குலுக்கப் போனேன். பாஸ்போர்ட் என்றார். நின்றபடியே பின்பக்கத்திலிருந்து புரட்டினார்.

"முத்திரை சரி. ஒரே நாள்ல போயிட்டு வந்திருக்க. அந்தப் பக்கம் யாரு இருக்கா?"

"தாய்மாமன். எல் காலால."

"என்ன சாப்ட்ட?"

ஒரே பொய்யை இரண்டு அதிகாரிகளிடம் சொல்ல எனக்கு வரவில்லை, மாமா. ஒண்ணும் சாப்பிடல, அவர் வீட்டுக்குப் போகவே இல்ல என்றேன். நாளைக்காகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த கமீஸ் அண்ணன் கோட்டு சூட்டோடு சமையலறைக்குள் போய்விட்டார்.

மோன்ஜி அவர்கள் பாஸ்போர்ட்டை மூடினார். "முப்பத்தொரு வருஷத்துல சிகரெட் கடத்துனவனப் பாத்திருக்கேன், ஆடு கடத்துனவனப் பாத்திருக்கேன். தாய்மாமன் வாசலத் தாண்டிப் போனவன இப்பத்தான் பாக்குறேன். நாளப்பின்ன என் பொண்ணக் கூட்டிட்டு என் தெருவழியாப் போறப்ப என்னையும் இப்படித்தான தாண்டிப் போவ? நாளைக்கு அஸருக்கு உன் மாமா வந்து அவரு வாயால கேக்கட்டும். அவரு வரலைன்னா நீயும் வராத."

வெளியே ஹம்மா, அன்னாபா ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் என்று கூவிக்கொண்டிருந்தார். மோன்ஜி அவர்கள் டாக்சியைப் பார்த்தார். பிறகு என்னை. "ஏறு" என்றார்.

ஏறிவிட்டேன். இதை மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம், குறிப்பாகக் கோட்டு சூட்டைப் பற்றிய வரியை. நேற்று வாங்கிய தொண்ணூறு நாளில் எண்பத்தொன்பதை இன்று எல்லையிலேயே கொட்டிவிட்டு வருகிறேன். உங்கள் பாஸ்போர்ட் காலாவதியாகியிருக்காது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். இந்தக் கடிதத்தை என் கையாலேயே தருவேன், நான் சாப்பிட்ட பிறகு படியுங்கள். மாமி என் காலணிகளை ஒளிக்கட்டும். ஆனால் அதே டின்னில் உங்களுடையதையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள், விடிந்ததும் இரண்டு ஜோடியும் சேர்ந்து கிளம்ப வேண்டும்.

எந்த எல்லை வழியாகப் போவது என்று ஹம்மா கேட்கிறார். அந்த அடுப்புக்கு எது பக்கமோ அது என்று சொல்லிவிட்டேன்.