கட்டுப் போட்ட கட்டைவிரல்

"இந்த வருஷம் அந்தப் பன்றித் தொடை நம்ம வீட்டுக்குத்தான் வருது!"

காலைச் சாப்பாட்டு மேசையில் ஒரு குத்து விட்டு டெல்மர் சபதம் செய்தார். காப்பி துள்ளியது. முட்டை நடுங்கியது. அவர் மனைவி ஓபல் மட்டும் அசையாமல் சோள ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"எந்தத் தொடைங்க?"

"போட்டியில முதல் பரிசு குடுப்பாங்களே! உப்புல ஊறவச்சு, புகை போட்டு, மாசக்கணக்கா தொங்கவிட்டது. அது!"

"அது வருஷா வருஷம் வெர்னன் வீட்டுக்குத்தானே போகும்? பாவம், வழி தெரிஞ்ச தொடை."

டெல்மருக்குச் சுருக்கென்றது. அமெரிக்காவில், கென்டக்கியின் அந்த நிலக்கரிச் சுரங்கப் பக்கத்தில் கிட்டார் என்றால் கட்டைவிரல்தான். கட்டைவிரலில் மோதிரம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் பிக்கை மாட்டிக்கொண்டு, தடித்த கம்பிகளில் டும்-சக், டும்-சக் என்று ரயில் ஓட்ட வேண்டும். அதே சமயம் ஆள்காட்டி விரல் மெல்லிய கம்பிகளில் பாட்டைப் பாட வேண்டும். கேட்கிறவர்கள், "இன்னொருத்தன் எங்கே ஒளிஞ்சிருக்கான்?" என்று மேடையைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

அடுத்த வீட்டு வெர்னன் வாசித்தால் ஜனங்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். டெல்மர் வாசித்தால் யாரும் பார்ப்பதில்லை. ரயில் மட்டும் தடதடவென்று ஓடும். பாட்டு, தண்டவாளத்தில் அகப்பட்ட ஆட்டுக்குட்டி மாதிரி எங்கேயோ கத்தும்.

ஆனால் பக்தியில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. கோழிக்குத் தீனி போடும்போதும் கட்டைவிரலில் பிக் இருக்கும். சபையில் காணிக்கைத் தட்டு வரும்போதும் இருக்கும், 'டக்' என்று தட்டில் சத்தம் கேட்கும். கல்யாண மோதிரத்தை எங்கேயோ வைத்துவிட்டு ஒரு மாதம் தேடியவர், பிக்கை ஒரு நாளும் மறந்ததில்லை.

"இந்தத் தடவை புதுசு, ஓபல்! ஜாஸ்! அந்த நகரத்துக்காரங்க வாசிக்கிற ஜாஸைக் கொண்டாந்து நம்ம ரயில்ல ஏத்தப் போறேன். பாதி நம்ம ஊரு, பாதி நகரம், நடுவுல கொஞ்சம் பிரேசில்காரன் தாளம்!"

"பீன்ஸ்ல சர்க்கரை போட்டா நீங்க தொடமாட்டீங்களே?"

"இது பீன்ஸ் இல்ல. கலை!"

"சரிங்க. கலையை அப்புறம் கலக்குங்க. முதல்ல பெயின்ட்டைக் கலக்குங்க. நம்ம பொண்ணு ஐவி அவ மாமனார் மாமியாரைக் கூட்டிக்கிட்டு அடுத்த வாரம் வரா. வராண்டா தோலுரிஞ்ச வெள்ளரிக்காய் மாதிரி இருக்கு. சுரண்டி, ரெண்டு பூச்சு அடிக்கணும்."

"சனிக்கிழமை போட்டிடீ!"

"இன்னிக்கு திங்கள்தானே? பிரஷ் பிடிச்சா விரலுக்கும் நல்லது."

சுரண்டி, ரெண்டு பூச்சு அடித்து முடிக்க வாரம் முழுக்க ஆகும். அப்புறம் ஜாஸ் எங்கே, பிரேசில் எங்கே, தொடை எங்கே? டெல்மர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போகும்போதே மூளை ஓடிவிட்டது. முதல் படியில் கால் வைத்தார். அக்கம் பக்கம் பார்த்தார். தரையிலிருந்து அரை முழ உயரத்திலிருந்து, மிகுந்த ஜாக்கிரதையாக, விழுந்தார்.

"அம்மாடி! விரல் போச்சு! கட்டைவிரல் போச்சு!"

வலது கட்டைவிரலை இடது கையால் பொத்திக்கொண்டு அவர் போட்ட சத்தத்தில் கோழிகள் கூண்டை விட்டு ஓடின. ஓபல் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஐயோ, எங்கே காட்டுங்க."

"தொடாதே! நரம்பு பிசகிடுச்சு. இனிமே பிரஷ் என்ன, கரண்டிகூடப் பிடிக்க முடியாது."

"ஆமாங்க, பிசகித்தான் இருக்கு." ஓபல் அவர் கையை விலக்கி ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். உள்ளே போய்த் துணி கொண்டுவந்தாள். கண்ணை மூடிக்கொண்டு முனகிய கணவருக்குக் கட்டைவிரலில் சுற்று சுற்றென்று சுற்றினாள். முடிச்சுப் போட்டதும் டெல்மர் கண் திறந்தார். ஓபல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அது எதுக்கு?"

"முடிச்சு நழுவிடுங்க. தச்சுட்டா ஆடாது."

அந்த வட்டாரத்தில் மெத்தைப் போர்வை தைப்பதில் ஓபலை மிஞ்ச ஆளில்லை. அவள் தையல் எறும்பு வரிசை மாதிரி இருக்கும். ஒரு தையலைப் பிரித்தால் அதே மாதிரி இன்னொருவர் போட முடியாது. ராத்திரி அவிழ்த்துப் பயிற்சி செய்து காலையில் கட்டிக்கொள்ளலாம் என்றிருந்த டெல்மர், ஊசி ஏறி இறங்குவதை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அது முடிந்ததும் ஓபல் டெலிபோனுக்குப் போனாள். சபையில் ஜெபச் சங்கிலி என்று ஒன்று உண்டு. ஒருத்தி இன்னொருத்தியைக் கூப்பிட, அவள் அடுத்தவளைக் கூப்பிட, அடுப்பில் இருக்கும் பீன்ஸ் வேகுமுன் ஊரே முழங்காலில் நிற்கும். மத்தியானத்துக்குள் வாசலில் மூடிய பாத்திரங்கள் வந்து சேர்ந்தன. உருளைக்கிழங்கு வந்தது. கோழிக் குழம்பு வந்தது. கடைசியில் வெர்னனும் வந்தான்.

"என்னடா டெல்மர், விரல் போச்சாமே?"

"பார்த்தியா இல்லியா?" டெல்மர் பொதியை நீட்டினார்.

"அடப்பாவி, பூசணிக்காய் மாதிரி இருக்கே! அப்போ சனிக்கிழமை?"

"நீயே எடுத்துக்க. தொடை உனக்குத்தான்."

"எப்பவும் எனக்குத்தானேடா. ஆனா நீ எதிர்ல இல்லாம ஜெயிச்சா ருசி இருக்காது." வெர்னன் நிஜமாகவே வருத்தப்பட்டான். "நான் இந்த வாரம் மீன் பிடிக்கப் போறேன். பயிற்சி எதுக்கு இனிமே?"

டெல்மர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். உள்ளுக்குள்ளே ஆடினார். வெர்னன் ஏரிக்கு! பெயின்ட் டப்பா மூலைக்கு! வாரம் முழுக்கக் கொட்டகையும் கிட்டாரும்! சனிக்கிழமை கட்டைவிரல் திடீரென்று குணமாகும். ஜனங்கள் ஸ்தோத்திரம் சொல்வார்கள். யாருக்கு நஷ்டம்?

"கிட்டாரைப் பார்த்தா மனசு ஆறும், கொட்டகையில கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வரேன்" என்று தினமும் போனார். கட்டைவிரல் இல்லாமல் கம்பியைத் தொட்டார். எஞ்சின் இல்லாத ரயில் எப்படி ஓடும்? மற்ற விரல்கள் சோம்பேறிகள். இத்தனை காலம் கட்டைவிரலின் முதுகில் சவாரி செய்தவை. "எங்களுக்கா வேலை?" என்று விழித்தன.

செவ்வாய்க்கிழமை திட்டினார். புதன்கிழமை கெஞ்சினார். வியாழக்கிழமை ஆள்காட்டி விரல் ஒரு அடி வைத்தது. நடு விரல் பின்னாலேயே வந்தது. மோதிர விரல், "நானும்?" என்றது. மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் கம்பிகளைக் கிள்ளியபோது கொட்டகைக்குள் நகரம் வந்து உட்கார்ந்தது! அந்த வழவழப்பு! அந்த ஜாஸ்! நடுவே பொதி கட்டிய கட்டைவிரல் தன் பழக்கத்தை விடாமல் கிட்டாரின் வயிற்றில் 'தொப், தொப்' என்று தட்டியது. அது ரயில் இல்லை. பிரேசில்காரன் மேளம்!

"ஐயோ, ஐயோ, ஐயோ!" டெல்மர் வைக்கோல் மேல் குதித்தார். அவர் தேடியது அவர் கையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. இனி இந்தக் கட்டை யார் அவிழ்ப்பது? கட்டோடுதான் மேடை!

ஆனால் இரண்டு கவலைகள் அவரை அரித்தன. ஒன்று, அவர் பிக்கைக் காணவில்லை. சட்டைப் பையில் இல்லை, கொட்டகையில் இல்லை, கோழித் தீனிக்குள்ளும் இல்லை. "என்னங்க தேடறீங்க?" என்று ஓபல் கேட்டால், "மன நிம்மதி" என்றார். இன்னொன்று பெரிய கவலை. விரல் உண்மையிலேயே வலிக்க ஆரம்பித்திருந்தது. கட்டுக்குள் ஏதோ அழுத்தியது, கிள்ளியது. பொய் சொன்னதற்கு ஆண்டவர் நிஜமாகவே பிசக வைத்துவிட்டாரோ? வெள்ளிக்கிழமை அவர் சொன்ன ஜெபத்தில் பாசாங்கு ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை சந்தை மைதானம் நிரம்பியிருந்தது. "சும்மா கேட்டுட்டு வரலாம்" என்று கிளம்பிய டெல்மர், "தனியா விட்டா அழும்" என்று கிட்டாரையும் வண்டியில் வைத்தார். ஓபல் தன் கைப்பையை எடுத்துக்கொண்டாள். வெர்னன் எப்போதும் வாசிப்பதையே வாசித்து, எப்போதும் போலக் கைதட்டு வாங்கி இறங்கினான். அடுத்த நிமிஷம் டெல்மர் பொதியோடு மேடையேறினார்.

மைதானமே, "ஐயோ பாவம்" என்றது. ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தவர் சபைப் போதகர் ஹார்லன். வருஷா வருஷம் போட்டியை நடத்துகிறவர்.

"டெல்மர், உங்க தைரியத்துக்கு ஸ்தோத்திரம். ஆனா பிக் எங்கே?"

"இல்லாமலே வாசிப்பேன் ஐயா. புது பாணி!"

"இது கட்டைவிரல் போட்டி ஐயா. விரல்ல பிக் இல்லாம மேடை இல்ல. விதி அது."

டெல்மருக்கு வியர்த்தது. இத்தனை வருஷம் போட்டியிட்டவர், விதியை மறந்தே போனார். கீழேயிருந்து வெர்னன் கத்தினான்: "என் பிக்கைத் தரேன்டா! மாட்டறதுக்கு விரல் எங்கே?"

"கட்டைப் பிரிச்சிடறேன்! இப்பவே! ஓபல்!"

ஓபல் ஏற்கெனவே படியேறிக்கொண்டிருந்தாள். கையில் குட்டிக் கத்தரிக்கோல்.

"வெட்டவா? வலிக்குமேங்க."

"வலி போயிடுச்சு."

"எப்போ?"

"இப்போதான்!"

"எதனால?"

"ஜெ... ஜெபத்தால."

"அப்போ சாட்சி சொல்லணுமே. ஐயா, அவர்கிட்ட அந்த மைக்கைக் குடுங்க." கத்தரிக்கோல் நூலுக்குப் பக்கத்தில் காத்திருந்தது. "குணமான விரலால என்னங்க செய்யப் போறீங்க?"

மைதானம் காது கொடுத்தது. டெல்மர் கத்தரிக்கோலைப் பார்த்தார். தூரத்தில் கொக்கியில் தொங்கிய தொடையைப் பார்த்தார்.

"வராண்டாவுக்குப் பெயின்ட் அடிப்பேன்."

"எத்தனை பூச்சு?"

"ரெண்டு."

"கோழிக்கூண்டு?"

"...அதுக்கும்."

"ஆமென்!" என்றது மைதானம். நறுக், நறுக், நறுக். துணி சுற்று சுற்றாக இறங்கியது. கடைசிச் சுற்று விழுந்ததும் வெயிலில் ஏதோ பளிச்சென்றது.

அவர் கட்டைவிரலில் பிக் மாட்டியிருந்தது.

டெல்மர் அதைப் பார்த்தார். ஓபலைப் பார்த்தார். ஓபல் நூலைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். முதலில் புரிந்தது வெர்னனுக்குத்தான். "பிக்கோடவாடா ஏணியில ஏறினே? பெயின்ட் அடிக்கவா, ஏணியை வாசிக்கவா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மைதானம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பை அடக்க டெல்மருக்கு ஒரே வழிதான் இருந்தது. வாசித்தார்.

ஒரு வாரம் சிறையில் இருந்த கட்டைவிரல், வெளியே வந்ததும் மிரளவில்லை. மரியாதையாக, மெத்தென்று, பின்னால் நடந்தது. முன்னால் மூன்று விரல்களும் ஜாஸைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தன. இடையிடையே 'தொப், தொப்' என்று பிரேசில்! ஊர்ப் பாட்டு நகரத்துச் சட்டை போட்டுக்கொண்டு ஆடியது! சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். நிறுத்தியவர்கள் எழுந்தார்கள். முன்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "வேற யாரும் இல்லப்பா!" என்று கத்தினார். டெல்மருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த ஒரு எட்டிப் பார்த்தலுக்காகத்தான் இத்தனை வருஷம்.

தொடையை அவர் தோளில் ஏற்றிவிட்டது வெர்னன்தான்.

வண்டியில் வீடு திரும்பும்போது டெல்மர் மெல்லக் கேட்டார்: "எல்லாம் தெரிஞ்சுமா விரலுக்காக ஊரையே ஜெபம் பண்ண வச்சே?"

"விரல்னு நான் சொல்லவே இல்லியே. டெல்மருக்காக ஜெபியுங்கன்னுதான் சொன்னேன். எங்கே கோளாறுன்னு ஆண்டவருக்குத் தெரியாதா?"

"அப்போ எதுக்கு விரலைக் கட்டிப்போட்டே?"

"உங்க கட்டைவிரல் கொஞ்சம் வாயை மூடினா மத்ததுங்க பேசும்னு எனக்கு எப்பவோ தெரியுங்க. சொன்னா கேட்டிருப்பீங்களா?" அவள் தொடையைத் தட்டிப் பார்த்தாள். "ஐவிகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். சம்பந்தி விருந்துக்கு இறைச்சி வாங்க வேணாம், அப்பா கொண்டாந்துடுவார்னு."

திங்கள்கிழமை காலை. தொடை சமையலறையில் தொங்கியது. கொட்டகையில் கிட்டார் தூங்கியது. வெற்றி வீரர் டெல்மர் ஒரு கையில் டப்பாவும் ஒரு கையில் பிரஷ்ஷுமாக ஏணியின் முதல் படியில் கால் வைத்தார். வாசல் ஊஞ்சலில் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்த ஓபல் தலை நிமிர்ந்து அவர் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"அந்தப் பிக்கைக் கழட்டி வச்சிட்டு ஏறுங்க. இன்னிக்கு விழுந்தீங்கன்னா நான் நம்பணும்ல?"