கொட்டுமா, கொட்டாதா

ஒரு சனிக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே, இனிமேல் மனைவியிடம் உண்மை பேசிப் பயனில்லை என்று கண்ணாடிக்காரர் தீர்மானித்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் தீர்மானத்தை உரக்கச் சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. மனைவி பக்கத்து அறையில்தான் இருந்தாள்.

கண்ணாடிக்காரர் என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவர். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, நாள் முழுக்கக் கேள்வி கேட்பார். வீடு திரும்பினால் அவரைக் கேள்வி கேட்க ஆள் இருந்தது. மனைவி, குடிநீர் அலுவலகத்தில் புகார் பிரிவில் வேலை பார்த்தாள். தொலைபேசியில் கத்துகிறவர்களை ஆசை தீரக் கத்தவிட்டு, "சரிங்க, புரியுதுங்க" என்று சொல்லிச் சொல்லியே, கடைசியில் குழாய் உடைந்ததற்கு அவர்களே மன்னிப்புக் கேட்டுவிட்டு வைக்கும்படி செய்கிறவள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவரிடம் குரலை உயர்த்திப் பேசியதே கிடையாது. அவரும் ஜெயித்ததே கிடையாது.

சண்டை என்று எதுவும் இல்லை. ஒரு கார்தான். கடை முதலாளி தன்னுடைய பழைய காரைத் தள்ளிவிடப் பார்த்தார். மாதக் கடைசி வரைக்கும் கண்ணாடிக்காரருக்காக வைத்திருப்பதாகவும் சொல்லியிருந்தார். கார் வரும், நிறுத்த இடம் வேண்டுமே. தெருவோ இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று யோசிக்கவேண்டிய தெரு. வீட்டு வாசலில் கதவுக்கும் கேட்டுக்கும் நடுவே ஒரு கார் அளவுக்கு மண் இருந்தது. அந்த மண்ணில் மனைவியின் ரோஜாவும் தக்காளியும் புதினாவும் இருந்தன.

"அந்த இடத்துல சிமெண்ட் போட்டா என்ன" என்று ஒருநாள் சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"போடலாமே. முதல்ல என்னைப் படுக்கவச்சு, மேல போடுங்க" என்றாள், தக்காளி நறுக்கிக்கொண்டே. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்போதுதான் குளவிகள் வந்தன.

சாதாரணக் குளவி இல்லை. கன்னங்கரேல் என்று, கண்ணாடிக்காரரின் சுண்டுவிரல் நீளத்துக்கு இருந்தன. மண்ணில் வட்டமாகத் துளை போட்டு உள்ளே போயின. சில மட்டும் போகாமல் துளைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்து, யார் வந்தாலும் முகத்துக்கு நேரே பறந்து வந்து, "எங்கே போகிறாய்" என்று கேட்பதுபோல அந்தரத்தில் நின்று உறுமின. முதல் நாள் ஒன்று அப்படி வந்து நின்றபோது கண்ணாடிக்காரர் சாப்பாட்டுப் பையை அதனிடமே ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார். சாத்திய பிறகுதான், வெளியே மனைவியும் நிற்கிறாள் என்பது ஞாபகம் வந்தது. திறக்கலாமா என்று யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் அவளே சாவி போட்டுத் திறந்துகொண்டு, அவர் பையையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளிடம் கஷ்டம்.

மறுவாரம், கண்ணாடி மாற்ற வந்த விலங்கியல் வாத்தியார் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னார். வாத்தியார் சிரித்தார்.

"முறைக்கிறதெல்லாம் ஆண் குளவிங்க. அதுக்குக் கொடுக்கே கிடையாது. வெறும் சத்தம். பெண்ணுக்குத்தான் கொடுக்கு. ஆனா அது பாட்டுக்கு மண்ணைத் தோண்டும், இரை பிடிச்சுட்டு வரும். கையில பிடிச்சு நசுக்கினாத்தான் உண்டு, மத்தபடி உங்களை ஒரு ஆளாவே மதிக்காது."

குளவி மட்டுமா என்று கண்ணாடிக்காரர் மனதுக்குள் கேட்டுக்கொண்டார். அந்த நிமிஷத்தில்தான் திட்டம் பிறந்தது. ஒன்றும் செய்யாது என்பது தனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவளாகவே, "ஐயோ, சிமெண்ட் போட்டு மூடுங்க" என்று கெஞ்சவேண்டும். மறுநாள் சனிக்கிழமை பல் துலக்கும்போது எடுத்த தீர்மானம் இதுதான்.

வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே போய் ஆரம்பித்தார்.

"ஏம்மா, வாசல்ல இருக்கற குளவிய லேசா நெனச்சுடாத. கடையில ஒரு வாத்தியார் சொன்னாரு. ஒண்ணு கொட்டுச்சுன்னா ஒரு வாரம் ஜுரமாம்."

"அப்படியா?"

"ரெண்டு கொட்டுச்சுன்னா ஆஸ்பத்திரிதான்."

"மூணு கொட்டுனா?"

மூன்றாவதுக்கு அவர் தயாராக வரவில்லை. "மூணாவது கொட்டறதுக்கு ஆள் இருக்கணுமே" என்றார்.

"சரிங்க, புரியுதுங்க."

அந்தக் குரலைக் கேட்டதுமே அவர் உஷாராகியிருக்கவேண்டும். ஆகவில்லை.

"அதனால நீ அந்தப் பக்கமே போகக் கூடாது" என்றார்.

"போகல. அப்ப செடிக்குத் தண்ணி?"

"செடி முக்கியமா, உயிர் முக்கியமா?"

"உயிர்தாங்க முக்கியம். அதனாலதான் நீங்க ஊத்துங்கன்னு சொல்றேன்."

"என்னோடது உயிர் இல்லையா?"

"எனக்குக் குளவின்னா என்னன்னே தெரியாது. நீங்கதான் எத்தனை கொட்டுனா என்னன்னு கணக்கோட வச்சிருக்கீங்க. விஷயம் தெரிஞ்சவங்க போறதுதானே நல்லது."

கண்ணாடிக்காரர் அவசரமாகத் தன் காயை நகர்த்தினார். "இதுக்கெல்லாம் ஒரே வழி, மண்ணை மூடி சிமெண்ட் போடறதுதான்."

"போடுங்க" என்றாள் அவள்.

அவருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "போடவா?"

"உயிர்னு ஆனப்புறம் ரோஜா என்ன, தக்காளி என்ன. கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. அவரு வர்ற வரைக்கும் நான் ஜாக்கிரதையா இருந்துக்கறேன்."

இவ்வளவு சுலபமா என்று கண்ணாடிக்காரர் அன்று முழுக்க விசிலடித்தார். அவள் ஜாக்கிரதையாக இருப்பது என்றால் என்னவென்று திங்கட்கிழமையிலிருந்து தெரியத் தொடங்கியது.

பால் பாக்கெட் கேட்டில் தொங்கும். அதை எடுக்கக் குளவிகளைத் தாண்டிப் போகவேண்டும். அவர் போனார். துணி காயப்போடும் கொடி வாசலில் இருந்தது. அவர் காயப்போட்டார். மடித்தும் வைத்தார், ஏனென்றால், "மடிப்புக்குள்ள ஒண்ணு ஒளிஞ்சிருந்தா?" குப்பைக் கூடை, தபால், மணி அடிக்கிறவர்கள், எல்லாம் அவர் பங்குக்கு வந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, அவள் அலுவலகம் கிளம்பும்போது கேட்டு வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு கூடவே போகவேண்டியிருந்தது. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மகாராணி முன்னே நடக்க, சேவகன் பின்னே குடையோடு நடப்பதை எதிர்வீட்டு மாடியில் நின்று ஒரு குடும்பமே பார்த்தது.

தண்ணீர் ஊற்றுவதுதான் இருப்பதிலேயே கொடுமை. ஒன்றும் செய்யாத பூச்சி என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஆளைக் கொல்லும் என்று சொல்லிவிட்டு, பனியனோடு போய் நின்று நீர் பாய்ச்ச முடியுமா? மழைக்கோட்டு போட்டுக்கொண்டார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டார். மனைவி ஜன்னலுக்கு உள்ளேயிருந்து, "புதினாவுக்கு வேர்ல ஊத்துங்க, தலையில ஊத்தாதீங்க" என்று தைரியம் சொன்னாள். ஹெல்மெட்டுக்குள் வியர்வை ஓடியது. ஓர் ஆண் குளவி கண்ணாடிக்கு நேரே வந்து நின்று, அவரைப் பார்த்து உறுமிவிட்டு, என்ன தோன்றியதோ, பரிதாபப்பட்டதுபோல விலகிப் போயிற்று.

இதற்கு முடிவு கொத்தனார்தான். கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, தெருவில் வழக்கமாக வேலை செய்கிற கொத்தனாருக்கு ஃபோன் போட்டார். கொத்தனார் எங்கோ கலவை மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தார். கடகடவென்ற இரைச்சலில் இவருக்கும் சரியாகக் கேட்கவில்லை, அவருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

"வாசல்ல சிமெண்ட் போடணும்பா. அவசரம். ஒரே குளவித் தொல்லை."

"கிழவியா? எந்தக் கிழவி சார்?"

இரைச்சலில் கண்ணாடிக்காரர் காதில் அதுவும் குளவியாகவே விழுந்தது. "எந்தக் குளவின்னா என்னப்பா சொல்றது. கறுப்பா, பெருசா இருக்கும். யாரு வந்தாலும் முகத்துக்கு நேரா வந்து சண்டைக்கு நிக்கும்."

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு சார். வயசானா அப்படித்தான். கொஞ்ச நேரம் உள்ள உக்காரச் சொல்லுங்க, நான் வேலைய முடிச்சுடறேன்."

"உள்ளயா? அது மண்ணுக்குள்ளதானே குடியிருக்கு."

"கிழவி மண்ணுக்குள்ளயா?"

"ஆமாம்பா. அப்பப்ப தலைய மட்டும் வெளிய நீட்டிப் பார்க்கும். அதான், மேலேயே கான்கிரீட்டப் போட்டு மூடிட்டா நிம்மதி."

மறுமுனையில் மெஷின் மட்டும் பேசியது. பிறகு கொத்தனார் குரல் மெல்ல வந்தது. "வீட்ல அம்மாவுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும். அவளே போடச் சொல்லிட்டா."

"உயிரோடயா சார்?"

"செத்தப்புறம் எதுக்குப்பா மூடணும்? உயிரோட இருக்கறப்பவே போட்டாத்தானே பிரயோஜனம்."

"சார், நான் பிள்ளைகுட்டிக்காரன்" என்றார் கொத்தனார். ஃபோன் துண்டிக்கப்பட்டது.

கொத்தனார்களே குளவிக்கு இவ்வளவு பயந்தால் நாட்டில் கட்டடம் எப்படி எழும்பும் என்று கண்ணாடிக்காரர் வருத்தப்பட்டார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். கொத்தனார் எடுக்கவே இல்லை. வேறு கொத்தனார் யாரும் அடுத்த மாதத்துக்கு முன்னால் வருவதாக இல்லை. முதலாளி வேறு, "என்னப்பா, இடம் தயாரா? இன்னொருத்தர் கேட்டுட்டே இருக்காரு" என்று தினமும் கேட்கத் தொடங்கினார். வீட்டில், தண்ணீர் தவறாமல் விழுந்ததில் தக்காளி காய்த்துத் தொங்கியது. புதினா கேட்டு வரைக்கும் வந்துவிட்டது.

மாதத்தின் கடைசி ஞாயிறு. கண்ணாடிக்காரர் முழுக் கவசத்தோடு ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே கொத்தனார் வந்து நின்றார். கவசத்துக்குள் இருப்பது யாரென்று அவருக்குத் தெரியவில்லை. கதவில் நின்ற மனைவியைப் பார்த்துக் கை குவித்தார்.

"அம்மா, மனசு கேக்கலம்மா. அன்னைக்கு ஃபோன்ல பேசுனதுலேருந்து தூக்கமில்ல. உங்க வீட்ல வயசானவங்க யாராவது இருக்காங்களா?"

"இல்லையேப்பா. நாங்க ரெண்டு பேர்தான்."

கொத்தனார் முகம் வெளிறியது. குனிந்து, ஈரமாக இருந்த மண்ணைப் பார்த்தார். "அப்ப முடிச்சுட்டாரா? வேற ஆளு வச்சா?"

"யாரை முடிச்சாரு?"

"கிழவியைத்தாம்மா. கிழவி மேல உயிரோட கான்கிரீட் போடணும்னு சார்தான் ஃபோன் பண்ணாரு. நீங்களும் சரின்னுட்டதா சொன்னாரு."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. கண்ணாடிக்காரர் முன்கண்ணாடியைத் தூக்கினார். "யோவ், கிழவி இல்லய்யா. குளவி. குளவி."

மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நின்று, மூச்சு வாங்கி, மறுபடியும் சிரித்தாள். கொத்தனாரும் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். "குளவியா. அட, இதை முதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே வந்திருப்பேனே. இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம் சார். ஜல்லி எங்க கொட்டறது?"

கண்ணாடிக்காரருக்கு உயிர் வந்தது. கார் கண்ணெதிரே தெரிந்தது. "இங்கயே கொட்டுப்பா, கேட்டோரமா" என்று சொல்லும்போதே, ஆண் குளவி ஒன்று பறந்து வந்து கொத்தனாரின் மூக்குக்கு நேரே நின்று உறுமியது. கொத்தனார் ஒரே தாவலில் தெருவின் மறுபக்கம் இருந்தார்.

"கொட்டுமா சார்?" என்றார் அங்கிருந்தே.

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி, புகார் பிரிவுக் குரலில், இதமாகக் கேட்டாள். "நீங்களே சொல்லுங்க. கொட்டுமா, கொட்டாதா?"

அவர் மனைவியைப் பார்த்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ற கொத்தனாரைப் பார்த்தார். கொட்டும் என்றால் கொத்தனார் உள்ளே வரமாட்டார். மாதமும் முடியப்போகிறது.

"கொட்டாதுப்பா. ஒண்ணும் பண்ணாது. அதுக்குக் கொடுக்கே கிடையாது. தைரியமா வா."

"கொட்டாதா?" என்றாள் மனைவி.

"கொட்டவே கொட்டா..." அந்தச் சொல்லின் பாதியில் கண்ணாடிக்காரர் நின்றுபோனார்.

"அப்ப சிமெண்ட் எதுக்கு?"

மனைவி வெறுங்காலோடு படியிறங்கி வந்தாள். குளவிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, ரோஜாவின் அடியில் முளைத்திருந்த களையைப் பிடுங்க ஆரம்பித்தாள். ஒரு குளவி அவள் காதோரம் நின்று உறுமியது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றார் கண்ணாடிக்காரர். குரல் ஹெல்மெட்டை விட்டு வெளியே வரவில்லை.

"முதல் நாளே தெரியுமே. முகத்துக்கு நேரா வந்து உர்ருனு நிக்குது. நாம அசையாம இருந்தா, கொஞ்ச நேரத்துல அதுவா அடங்கிப் போயிடுது. எனக்கு இது என்ன புதுசா?"

கொத்தனார் அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. "நான் வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவரோடு காரும் போயிற்று. கண்ணாடிக்காரர் தெருமுனை வரைக்கும் இரண்டையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

தோற்றவனுக்கும் ஒரு ஆறுதல் வேண்டும். அவருக்கு ஒன்று தோன்றியது.

"சரி, உனக்குத்தான் பயமே இல்லையே" என்றார். "இனிமே நீயே தண்ணி ஊத்திக்கலாம் இல்ல?"

"ஊத்தலாம். ஆனா செடிங்களுக்கு உங்க கை பழகிடுச்சு, எப்படிக் காய்ச்சிருக்கு பாருங்க" என்றாள் அவள். "அந்த ஹெல்மெட்டை மட்டும் கழட்டிட்டு ஊத்துங்க. வேர்க்குது."