கால் முழம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒரு முடிவெடுத்தேன். இந்த வீட்டில் தறி இருக்கும், இல்லையென்றால் நான் இருப்பேன். மனைவியிடம் சொன்னால் எதை வைத்துக்கொள்வாள் என்று தெரிந்ததால், மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டேன்.

என் பெயர் சன்னாசி. பெயரில் மட்டும்தான். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற இருபத்தாறு வருடச் சம்சாரி. மனைவி உஷாராணி. பெயரிலேயே உஷார் இருக்கிறது. கவனிக்காமல் கட்டிக்கொண்டேன்.

நாங்கள் வேலை செய்த தோட்டத்தை முதலாளி விற்றபோது தொழிலாளிகளுக்குக் கொடுத்த வீடு, கோலா சிலாங்கூருக்குப் பக்கத்தில். ஹால் என் லோரியின் பின்பக்கத்தைவிடச் சின்னது. அதில் மூன்று வருடமாக ஒரு கைத்தறி. கோலாலம்பூரில் ஏதோ வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தாள். உடுத்துகிற துணி நெய்தாலும் பரவாயில்லை, சுவரில் மாட்டுகிற துணி நெய்கிறாள். சோபா போய்விட்டது. டிவி தறிக்கு அந்தப் பக்கம். பாவு நூல்களின் இடைவெளியில்தான் செய்தி பார்க்கிறேன். செய்தி வாசிக்கிற பெண் தினமும் கம்பி எண்ணுகிறாள். உஷாராணி நூல் எண்ணுகிறாள். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிறது.

"புதன்கிழமையிலேர்ந்து நீலத் தலை குண்டூசி ஒண்ணைக் காணோம். பாத்தீங்களா?"

"சோத்துல தேடு."

பிறகு மெல்ல நூல் விட்டுப் பார்த்தேன். "இந்தத் தறியைத் தூக்கிட்டா ஹால் எவ்ளோ பெருசா இருக்கும் பாரு."

"தூக்கிறலாம்," என்றாள்.

நான் ஆடிப்போனேன். "நெஜமாவா?"

"நீங்க இன்னைக்கு ஒரு முழம் தப்பில்லாம நெய்ங்க. நாளைக்கே உங்க லோரியில ஏத்திக்குங்க. தோத்துட்டா நான் சொல்ற இடத்துக்கு வரணும்."

"எந்த இடம்?"

"தோக்கப்போற ஆளு கேக்குற கேள்வி லா அது."

கீழே இரண்டு மிதிபலகை. வலது, இடது. மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். முப்பது வருடம் கிளட்சும் பிரேக்கும் மிதித்தவனுக்கு இது ஒரு வேலையா? சரி என்றேன்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். என் இடது கால் எட்டு மாதமாக என்னோடு பேசுவதில்லை. சர்க்கரை. சுட்டாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. கிளட்சில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் கியர் போடுகிறேன். டாக்டரிடம் சொன்னால் லைசென்ஸ் போய்விடும். அதோடு, என் அண்ணன் கார்த்திகேசுவுக்கு விரலில் வெட்ட ஆரம்பித்தார்கள், முட்டியில் நிறுத்தினார்கள். ஒரு வருடத்தில் அண்ணன் மூச்சே நின்றுவிட்டது. அதனால் கிளினிக் தேதி வந்தால் மார்க்கெட்டில் தே தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொள்வேன்.

நடுவராகப் பக்கத்து வீட்டு மவுரீனைக் கூட்டி வந்தாள். மவுரீன் கிளினிக்கில் நர்ஸ்.

"தறிக்கு எதுக்கு நர்ஸ்?"

"அவங்கதான் இன்னைக்கு ஃப்ரீ. சாக்ஸைக் கழட்டுங்க."

"சாக்ஸ் என்ன பண்ணிச்சு?"

"பலகை காலுக்குத் தெரியணும்."

கழற்றினேன். உட்கார்ந்தேன். வலது, நாடா. இடது, நாடா. நூலைச் சுமந்துகொண்டு அது இங்கும் அங்கும் ஓடியது. நான் லோரி ஓட்டுகிற வேகத்தில் நெய்தேன். நாளைக்கு சோபா எங்கே போடுவது என்றும் யோசித்துவிட்டேன்.

"போதும்," என்றாள். கால் முழம்தான் ஆகியிருந்தது.

"ஏன்? பயந்துட்டியா?"

"துணியைப் பாருங்க. வலது கால் போட்ட வரி அடங்கி உக்காந்திருக்கு. இடது கால் போட்ட வரியெல்லாம் மேல மிதக்குது. அந்தப் பலகையைப் பாதிகூட நீங்க மிதிக்கல."

"வேகத்துல அப்படித்தான்…"

"காலைத் தூக்குங்க."

இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"ஊசி கிடைச்சிருச்சு," என்றாள் உஷாராணி.

குதிகாலில், தலை மட்டும் வெளியே தெரிய, நீலமாக இருந்தது. நாலு நாள் என்னோடு லோரியில் செம்பனைத் தோட்டமெல்லாம் சுற்றியிருக்கிறது.

"திரும்பிக்குங்க அண்ணே, இழுக்கப் போறேன்," என்றாள் மவுரீன்.

தப்பிக்க இதுதான் நேரம். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினேன். "ஐயோ! அம்மா! வலிக்குது லா!"

"நான் இன்னும் தொடவே இல்லண்ணே."

உஷாராணி சிரித்திருந்தால் பரவாயில்லை. சிரிக்கவில்லை.

"கோயில் வாசல்ல இடது செருப்பு கழண்டு விழுந்துச்சு. தெரியாமலே நடந்தீங்க. பின்னாலேயே நான் எடுத்துட்டு வந்தேன். கேட்டா ஒண்ணுமில்லன்னீங்க. உங்க அண்ணனும் அண்ணிக்கிட்ட அதையேதான் சொன்னாரு. நீங்க பொய் சொல்வீங்க. துணி சொல்லாது."

"சுண்டு விரல் பக்கம் கறுத்திருக்கு," என்றாள் மவுரீன், மெதுவாக. அவள் கார் சாவி ஏற்கெனவே கையில் இருந்தது.

இரண்டு விரல் போனது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் முட்டி என்றார் டாக்டர். லைசென்ஸும் போனது. என் லோரியை இப்போது லோகேஸ்வரன் என்கிற சின்னப் பையன் ஓட்டுகிறான். ஹாரன் அடித்துக்கொண்டே வீட்டைத் தாண்டிப் போகும்போது நான் எழுந்து பார்ப்பதில்லை. தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுக்கிறேன். அடுப்பையும் நான்தான் பார்க்கிறேன். சோறு அடிப்பிடிப்பது மட்டும் நிற்கவில்லை.

போன மாதம் கோலா சிலாங்கூரில் ஒரு மண்டபத்தில் அவள் துணிகளைக் கண்காட்சிக்கு வைத்தாள். எல்லாம் பெரிய பெரிய துணிகள். நடுவில், சட்டம் போட்டு, என் துணி. கீழே அட்டையில் 'கால் முழம். நெய்தவர்: சன்னாசி' என்று எழுதியிருந்தாள். தறியைத் தூக்கி எறிய நினைத்தவன், கைத்தடியோடு அதன் பக்கத்தில் நின்று கலைஞனாகப் போஸ் கொடுத்தேன்.

காலேஜ் பிள்ளை ஒருத்தி வெகுநேரம் அதையே பார்த்தாள். "அழகா இருக்கு அங்கிள். ஏன் கால் முழத்தோட நிறுத்திட்டீங்க?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் உஷாராணி முந்திக்கொண்டாள்.

"முழு முழமும் நெய்ய விட்டிருந்தா, கால் மிச்சம் இருந்திருக்காதும்மா."