எதிரிகள் இருவகைப்படுவர்

இருபத்தோராம் நூற்றாண்டின் மாபெரும் கல்விப் புரட்சி எங்கே தொடங்கியது என்று நாளைய சரித்திர ஆசிரியர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை. அது கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு பேக்கரிக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஞாயிறு பின்னேர வகுப்பாகத் தொடங்கியது. நான் அதை நேரில் கண்டவன். கண்டவன் மட்டுமல்ல, என் ஒரே மகளை அதற்கு ஒப்புக்கொடுத்தவன். ஆகவே இந்த வரலாற்றை எழுதும் தகுதி எனக்கு உண்டென்பதைத் தாழ்மையுடன் அறியத்தருகிறேன்.

பெயர் சவுந்தரநாயகம். கொட்டாஞ்சேனையில் பிறந்து, கலியாணத்துக்குப் பிறகு வெள்ளவத்தைக்கு 'முன்னேறி', கொள்ளுப்பிட்டியில் ஒரு வங்கிக் கிளையில் உதவி முகாமையாளராக இருக்கிறேன். மனைவி பிறிஜெற். மகள் ஷெரோமி, வயது பதினைந்து.

வீடியோ விளையாட்டின் வளர்ச்சி பற்றி முதலில் கொஞ்சம் சொல்லவேண்டும். கற்காலத்தில், அதாவது நான் சின்னப் பெடியனாக இருந்தபோது, புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய கையடக்கப் பெட்டியில் மேலிருந்து கட்டைகள் விழும். ஒருவன் தனியே குந்தியிருந்து அடுக்குவான். பிறகு நெட் கஃபே காலம் வந்தது. திரை போட்டு மறைத்த அறைகளில் பையன்கள் வரிசையாக இருந்து, பக்கத்துக் கதிரையில் இருப்பவனையே சுட்டு, மூன்று மொழியிலும் ஏசிவிட்டு, கடைசியில் எல்லாரும் ஒன்றாகப் போய்க் கொத்துரொட்டி சாப்பிட்டார்கள். எந்தப் பெற்றோரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத, வழிகாட்டலே இல்லாத, மிகவும் பரிதாபமான காலம் அது.

இப்போது போன் காலம். நான்கு பேர் நான்கு வீடுகளில் இருந்துகொண்டே ஒரே அணியாகப் பரசூட்டில் ஒரு தீவில் குதிக்கவேண்டும். மற்ற அணிகளையெல்லாம் சுட்டு முடித்துக் கடைசிவரை மிஞ்சுகிற அணி வென்ற அணி. எங்கள் பிளாட்டிலும் அப்படி ஓர் அணி இருந்தது. என் மகள் ஷெரோமி, மேல்மாடி இரத்தினசிங்கத்தாரின் மகன் சாந்தன், கீழ்மாடி பைறோஸாவின் பிள்ளைகள் அகீலும் ஷிம்னாவும்.

ஆரம்பத்தில் பெற்றோராகிய நாங்கள் இதைக் கடுமையாக எதிர்த்தோம். நான் ரவுட்டரைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இரத்தினசிங்கத்தார் மகனின் போனைச் சீமெந்துத் தரையில் ஓங்கி எறிந்தார். கவர் நல்ல கவர் என்று அப்போதுதான் தெரிந்தது. பிறிஜெற் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய், மகள் அந்தப் போனைக் கீழே வைக்கவேண்டும் என்று அந்தோனியாருக்கு நேர்ச்சை வைத்தாள்.

அந்த இருண்ட காலத்துக்கு முடிவுகட்டியவர் பிறிஜெற்றின் தமக்கை. ரொறன்ரோவிலிருந்து வாட்சப்பில் குரல் அனுப்பினார்.

"இஞ்ச ஒரு பெடிக்கு கேம் விளையாடுறதுக்கு கொலிஜில ஸ்கொலர்ஷிப் குடுத்திருக்கு, தெரியுமே? விசாவோட."

பிறிஜெற் அதை மூன்று தரம் போட்டுக் கேட்டாள். மூன்றாம் தரம் கடைசிச் சொல்லை மட்டும் கேட்டாள்.

"இஞ்சருங்கோ," என்றாள், "அந்த ரவுட்டரை எங்க வச்சனீங்க?"

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி கொச்சிக்கடைக்குப் போய், முதல் நேர்ச்சையை ரத்துச் செய்யும்படி இரண்டாவது நேர்ச்சை ஒன்று வைத்துவிட்டு வந்தாள். விசாரித்துப் பார்த்ததில், எங்கள் நாலு பிள்ளைகளும் எங்களுக்குத் தெரியாமலே அகில இலங்கைப் போட்டி ஒன்றில் சேர்ந்து, வென்று வென்று, இறுதிப் போட்டிவரை வந்துவிட்டிருந்தார்கள். ஒரு டியூஷனும் இல்லாமல் பிள்ளைகள் இறுதிப் போட்டிவரை போவதென்றால் அது எவ்வளவு பெரிய ஆபத்து!

இந்த வேளையில்தான் கிருபாகரன் சேர் தோன்றினார். பல வருடங்களாக உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் படிப்பித்தவர். பேக்கரிக்கு மேலே அவருடைய பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதிய பலகை மாட்டியிருந்தார்: 'இ-ஸ்போர்ட்ஸ். தியரி, ரிவிஷன், பேப்பர் கிளாஸ். தமிழ் மூலம்.' முதல் ஞாயிறே மண்டபம் நிரம்பி, பின்னால் வந்த பிள்ளைகள் படிக்கட்டில் இருந்தார்கள்.

வாசலில் ஒரு பிளாஸ்ரிக் கூடை இருந்தது. பிள்ளைகள் எல்லாரும் போனை அதற்குள் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

"சேர், கேம் படிக்கிற கிளாசில போன் வேண்டாமா?" என்று நான் பணிவாகக் கேட்டேன்.

"போன் இருந்தா பிள்ளையள் விளையாடிக்கொண்டிருக்குங்கள், மிஸ்டர் சவுந்தரநாயகம். கவனம் சிதறிப்போம்."

இப்படியொரு தொலைநோக்கு! ஆனாலும் இன்னொன்றையும் கேட்டு வைத்தேன்.

"சேர் நீங்க எந்த லெவல்ல விளையாடுறீங்க?"

"நான் விளையாடுறேல்லை. பிள்ளைப்பேறு பாக்கிற டொக்டர் பிள்ளை பெத்தவரே?"

முதல் மாதக் கட்டணத்தை எடுத்து நீட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் ஷெரோமியின் கொப்பியைப் பிரித்துப் பார்த்தேன். கண்கள் கலங்கின. 'வரைவிலக்கணம்: எதிரி எனப்படுபவர், எம்மைச் சுடும் நோக்குடன் எமது திரையில் தோன்றும் ஓர் ஆள் ஆவார். எதிரிகள் இருவகைப்படுவர். அ) தெரியும் எதிரி. ஆ) தெரியாத எதிரி.' அதன் கீழே பரசூட் ஒன்றின் படம் பென்சிலால் வரைந்து பாகங்கள் குறிக்கப்பட்டிருந்தன. வீட்டுவேலை: 'பற்றைக்குள் ஒளிந்திருத்தலின் அனுகூலங்கள் ஐந்து, பிரதிகூலங்கள் ஐந்து தருக.'

"டாடி, எதிரி வந்தா ரெண்டு செக்கன்ல சுட்டுருவான். இதெல்லாம் யோசிக்க நேரமே இருக்காது," என்றாள் ஷெரோமி.

"அதுக்குத்தான் மகள் பாடமாக்கச் சொல்றது."

வகுப்பு தொடங்கியதும் எங்கள் பிளாட்டின் ஒழுக்கமே உயர்ந்துவிட்டது. முன்பெல்லாம் லிஃப்டில் சந்தித்தால் பெற்றோர் பிள்ளைகளைப் பற்றி உண்மை பேசிவிடுவதுண்டு. அது நின்றது.

"சாந்தன் எப்பிடி, நல்லா விளையாடுறாரோ?" என்று ஒருநாள், பைறோஸாவும் லிஃப்டில் இருக்க, கேட்டேன்.

இரத்தினசிங்கத்தார் கையை விரித்தார். "எங்க தம்பி! முழு நேரமும் புத்தகமும் கையுமாத்தான் கிடக்கிறான். சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன்."

"எங்கட ரெண்டும் அப்பிடித்தான் அண்ணன்," என்றார் பைறோஸா. "போனைத் தொடுறதே இல்ல. ஸ்கூல் வேல மட்டுந்தான் செய்றாங்க. எப்பிடி உருப்படப் போறாங்களோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

மூவரும் பெருமூச்சு விட்டோம். சாந்தன் விடியற்காலையில் சேரின் வீட்டுக்கே 'இண்டிவிஜுவல்' வகுப்புக்குப் போவது எனக்குத் தெரியும். பைறோஸா தெஹிவளையிலிருந்து வேறொரு சேரை இரகசியமாக வீட்டுக்கு வரவழைப்பது இரத்தினசிங்கத்தாருக்குத் தெரியும். நான் சேரின் நோட்ஸைக் கையெழுத்துப் பிரதியாக வாங்கி வைத்திருப்பது இருவருக்கும் தெரியும். அயலவர் என்றால் இப்படித்தான் ஒருவரைப் பற்றி ஒருவர் அக்கறையோடு இருக்கவேண்டும்.

மகளின் முன்னேற்றத்தை அறிய ஒருநாள் அவளுக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்து, அவள் விளையாடுவதைப் பார்த்தேன். திரையில் ஒரு உருவம் சூடுபட்டு முழங்காலில் தவழ்ந்துகொண்டிருந்தது. ஷெரோமி தன் மறைவிடத்தை விட்டு ஓடிப்போய் அதன் பக்கத்தில் குனிந்து, தோட்டாக்கள் பறக்கும்போது அங்கேயே இருந்து, அதை மறுபடி எழுப்பி நிறுத்தினாள். போனிலிருந்து சாந்தனின் குரல் கேட்டது: "தாங்க்ஸ் ஷெரோ! நீ வராட்டி நான் செத்தன்."

அவள் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் நெடுநாளாகப் பார்க்கவில்லை. ஆனால் கடமை என்று ஒன்று இருக்கிறதே.

"ஏன் மகள் அவனைத் தூக்கிவிட்டனீ?"

"அவன் எங்கட டீம் டாடி."

"டீம் எல்லாம் சரி. அந்த டீமில யார் ஃபர்ஸ்ட்?"

"அப்பிடி ஒண்டும் இல்ல. நாலு பேரும் சேர்ந்துதான் வெல்றது."

"நாலு பேருக்கும் சேர்த்து ஒரு விசா தருவாங்களா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கே மற்றப் பிள்ளைகளோடு விளையாடுவதை நிறுத்திவிடும்படி அன்பாக அறிவுறுத்தினேன். மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் அதே வாரம் அதே அறிவுறுத்தல் நடந்திருக்கிறது. மூன்று வீடுகள் பேசி வைக்காமலே ஒரே முடிவுக்கு வருவது எவ்வளவு பெரிய ஒற்றுமை!

இறுதிப் போட்டி ஒரு ஞாயிறு பின்னேரம் என்று அறிவித்தார்கள். அதே ஞாயிறு பின்னேரம் கிருபாகரன் சேரின் முதலாவது மாதிரிப் பரீட்சை.

ஷெரோமி என்னிடம் வந்தாள். அவளோடு மற்ற மூவரும் வந்து வாசலில் நின்றார்கள்.

"டாடி, பிளீஸ். நாலு பேரும் இல்லாட்டி எங்களை எடுக்கமாட்டாங்க. வீட்டில இருந்துதான் விளையாடுறது. ரெண்டு மணித்தியாலம்தான்."

"அங்கிள், இதுக்குப் பிறகு நாங்க தொடவே மாட்டம்," என்றாள் ஷிம்னா.

நான் ஒருதலைப்பட்சமாக முடிவெடுப்பவன் அல்ல. உடனே சேருக்குப் போன் எடுத்தேன்.

"ஃபைனல் நல்ல விசயம்தான்," என்றார் அவர். "ஆனா சிலபஸ் முடியேல்லை. அத்திவாரம் இல்லாமப் பிள்ளையள் வெண்டிட்டா பிறகு கஷ்டம்."

மூன்று வீட்டுப் பெற்றோரும் லிஃப்டுக்கு முன்னால் கூடி ஏகமனதாகத் தீர்மானித்தோம். அன்றுதான் முதன்முதலாக நாங்கள் ஓர் அணியாக இயங்கினோம்.

"மகள், ஃபைனல் அடுத்த வருசமும் வரும்," என்று விளக்கினேன். "மொடல் பேப்பர் போனா போனதுதான்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. போய் அடிமட்டத்தையும் பேனையையும் எடுத்துப் பையில் வைத்தாள். அது எனக்கு என்னவோ செய்தது, ஆனால் வெற்றியின் பாதையில் பெற்றோர் இதையெல்லாம் பொருட்படுத்தக் கூடாது.

அந்த ஞாயிறு, நாடு முழுவதிலுமிருந்து வந்த அணிகள் தீவில் குதித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், எங்கள் பிள்ளைகள் பேக்கரிக்கு மேலே மின்விசிறிக்குக் கீழே குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நான்காம் வினா: 'இறுதிப் போட்டியில் ஓர் அணி வெற்றிபெறுவதற்குத் தேவையான காரணிகளை விளக்குக.' ஷெரோமி ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: 'இறுதிப் போட்டிக்குச் சமூகமளித்தல்.' சேர் அதற்கு முழுப் புள்ளியும் போட்டு, சிவப்பு மையால் 'மிக நன்று' என்று எழுதியிருந்தார்.

ஷெரோமி வகுப்பில் முதலாம் இடம். காலி வீதியில் அவளுடைய படம் போட்ட பதாகை தொங்கியது. பாடசாலைச் சீருடை, முதல் நற்கருணைக்குப் போகிறவள் மாதிரி முகம், கீழே 'எமது மாணவி' என்ற எழுத்து. பிறிஜெற் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்து ரொறன்ரோவுக்கு அனுப்பினாள். சாந்தன் இரண்டாம் இடம். அதன் பிறகு இரத்தினசிங்கத்தார் லிஃப்டை விட்டுப் படிக்கட்டால் ஏறி இறங்கத் தொடங்கினார்.

மகள் மட்டும் அதற்குப் பிறகு போனைத் தொடவில்லை. சார்ஜ் இறங்கி அது அணைந்து மேசையில் கிடந்தது. "விளையாடன் மகள்," என்று பிறிஜெற் கெஞ்சினாள். "விருப்பமில்ல மம்மி," என்றாள். அந்தோனியார் இரண்டாவது நேர்ச்சையைக் கவனிக்காமல் முதலாவதை நிறைவேற்றிவிட்டார் போலிருக்கிறது.

இதற்கிடையே இறுதிப் போட்டியின் முடிவு வந்தது. வென்ற நால்வருக்கும் விளையாட்டுப் புனைபெயர்கள் மட்டுமே போட்டிருந்தார்கள். ஊர், வத்தளைக்குப் பக்கத்தில் ஹெந்தளை. எங்கள் பிளாட்டில் பெரும் பரபரப்பு. இரத்தினசிங்கத்தாரே வேலை மெனக்கெட்டு இறங்கி வந்துவிட்டார்.

"எந்த சேரிட்டப் போனவங்களாம் தம்பி? வத்தளைப் பக்கம் புதுசா ஆரும் தொடங்கியிருக்கினமோ?"

"விசாரிச்சுச் சொல்லுங்க அண்ணன்," என்றார் பைறோஸா. "வேன் ஒண்டு பிடிச்சா போக ஏலும்."

விசாரிக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ஷெரோமி கட்டிலில் இருந்து யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மகள், அந்த ஹெந்தளைப் பிள்ளைகளை உமக்குத் தெரியுமா?"

"தெரியும். செமி ஃபைனலில எங்களோட விளையாடினவங்க." அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "நல்ல டீம் டாடி. கப்டன் உங்கட பாங்க்ல வேலை செய்ற மேபல் அன்ரியிட மகன்தான்."

மேபல்! என் பக்கத்து மேசைக்காரி. மகன் அறையைப் பூட்டிக்கொண்டு இரவு பகலாகப் படிக்கிறான் என்று தினமும் சொல்லிச் சந்தோஷப்படுகிறவர்.

"அவங்க எந்த சேரிட்டப் படிச்சவங்க?"

"அவங்களுக்கு சேர் இல்ல."

"அப்ப எப்பிடி வெண்டவங்க?"

"அவங்கட வீட்டில இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது டாடி."

பெற்ற பிள்ளையின் திறமை தெரியாமல் ஒரு தாய்! வழிகாட்ட ஆளில்லாமல், நோட்ஸ் இல்லாமல், ஒரு மாதிரிப் பரீட்சை கூட எழுதாமல், சும்மா சந்தோஷத்துக்காக விளையாடி வென்றுகொண்டிருக்கும் நான்கு பிள்ளைகள்! இதைத் தெரிந்துகொண்டும் வாய்மூடி இருந்தால் நான் என்ன மனுசன்? என் போனை எடுத்தேன்.

"டாடி, யாருக்கு எடுக்கிறீங்க?"

நான் மேபலின் இலக்கத்தைத் தேடினேன். ஷெரோமி கட்டிலால் குதித்து ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அந்த மாதங்களில் ஒருநாளும் குரல் உயர்த்தாத பிள்ளை, பிளாட் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"டாடி, அவங்களையாவது விடுங்க!"

அந்தப் பக்கம் மணி அடித்தது. மேபல் எடுத்தார்.

"மேபல்," என்றேன், "உமக்கு ஒரு நல்ல செய்தி."