வளைவில் முளைத்த மேடு

கணினித் திரையில் வரைந்த வளைவின் நடுவே மறுபடியும் அந்த மேடு முளைத்திருந்தது.

ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் கலந்து, பிளாஸ்மாவாகக் கொதிக்கவிட்டு இறுக்கினால் அழுத்தம் எப்படி ஏறும் என்று கணினியில் கணக்குப் போடுவது அவருக்குப் பிழைப்பு. அதே கலவையை எதிர்க் கட்டடத்தில் லேசரால் நிஜமாகவே இறுக்கி அளப்பவன் அவருடைய மைத்துனன். ஒருவர் முடிவை மற்றவர் பார்க்கக் கூடாது என்பது விதி. இன்று மதியம் இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். பொருந்தாவிட்டால் மைத்துனனின் ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு.

"மேடு இருந்துட்டுப் போகட்டுமே," என்றாள் மனைவி.

"நிஜத்துல அளந்தா இப்படி மேடு வராது. ரெண்டும் பொருந்தலைன்னா உன் தம்பி வேலை போயிடும், பரவாயில்லையா?"

அவள் சமையலறைக்குப் போனாள்.

அணுக்களுக்கு இடையிலான ஈர்ப்பைக் கொஞ்சம் கூட்டினார். மேடு மலையானது. ஹீலியத்தைக் குறைத்தார். அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போயிற்று. அமுக்கினால் திமிற வேண்டிய பிளாஸ்மா, வா வா என்று உள்ளே இழுத்தது. கடைசியில் பழைய கணக்குக்கே திரும்பி, மேட்டுப் புள்ளிகளை மட்டும் அழித்து, மிச்சத்தை வழவழவென்று இணைத்து அச்செடுத்தார். இத்தனை வருஷத்தில் ஒரு புள்ளியைக்கூட அவர் தொட்டதில்லை. குளிக்கப் போனவருக்குக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கூட்டத்தில் இரண்டு வளைவும் மயிரிழை பிசகாமல் பொருந்தின. மைத்துனன் தலை நிமிரவே இல்லை.

"அருமை," என்றார் இயக்குநர். "கணக்கே இவ்வளவு துல்லியமா சொல்லும்போது தனியா அளக்கறது எதுக்கு? அந்தக் கூடத்தை மூடிடலாம்."

அவர் எழுந்தார். "சார், என் வளைவு தப்பு."

"தன்னடக்கத்துக்கும் ஒரு அளவு இருக்கு சார். அளவீடே சாட்சி சொல்லுது பாருங்க."

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"உன் தம்பியைக் காப்பாத்தறேன்னு மேட்டை அழிச்சேன். நானே அவன் வாயில மண்ணைப் போட்டுட்டேன். மனசு ஆறவே மாட்டேங்குது. ஆனா என் பொய் அவன் அளந்ததோட எப்படிப் பொருந்துச்சுன்னுதான் புரியலை."

மனைவி அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"காலையில நீங்க குளிக்கும்போது தம்பி வந்தான். உங்க காகிதத்தைப் பார்த்துட்டு, 'மாமாவுக்கு மேடே வரலையே, அப்ப நான்தான் தப்பா அளந்திருக்கேன்'னு அவனும் தன் வளைவுல இருந்த மேட்டை அழிச்சுட்டான்."