குணமுள்ள வீடு பார்த்துவந்த விவரம்

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. நாங்கள் இருவரும் சௌகரியம். நீயும் அத்தானும் சௌகரியம் என்று நம்புகிறேன். இல்லையென்றால் இதற்குள் போன் வந்திருக்கும். போன வாரம் பேசியபோது, "வீடு பார்க்கப் போனீங்களே, என்னடா ஆச்சு?" என்று மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் சிக்னல் சரியில்லை என்றேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. போனில் சொன்னால் பாதியிலேயே நீ சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், மீதியைச் சொல்ல விடமாட்டாய். அதனால்தான் கடிதம்.

முன்கதை உனக்குத் தெரியும் என்றாலும் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிவிட்டு, ஓய்வுக்குப் பிறகும் கார் ஓட்டிக்கொண்டிருந்த என்னை ஏழு மாசத்துக்கு முன்னால் கண் டாக்டர் உட்காரவைத்து, "ஓரப் பார்வை போயிடுச்சு சார். நேரா இருக்கிறது தெரியும், பக்கத்துல வர்றது தெரியாது. இனிமே ஸ்டீயரிங்கைத் தொடாதீங்க" என்றார். உடன் வந்திருந்த உன் தம்பி பெண்டாட்டி, "பக்கத்துல நான் இருக்கிறதே இவருக்கு ரொம்ப நாளா தெரியலை டாக்டர்" என்றாள். எங்கள் வீடோ பைபாஸ் சாலை ஓரம். நூல்கண்டு வாங்கக்கூட நாலு கிலோமீட்டர் போகவேண்டும், நடக்க ஓரமே கிடையாது. வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டு, அது வந்ததும் பின்சீட்டில் உட்கார்ந்து, அந்த டிரைவருக்காக நான் காலால் பிரேக் போட்டுக்கொண்டே போகிறேன். அவளும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் ஊரையெல்லாம் பேசவைத்தவள். இப்போது அவளோடு பேச நான் ஒருவன்தான், அதுவும் அவள் இரண்டாவது முறை கேட்டால். போன மாசம் சமையலறையில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன், ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான், எல்லாவற்றுக்கும் நடந்தே போகக்கூடிய சின்ன ஊராகப் பார்த்துக் குடிபோய்விடலாம் என்று முடிவுசெய்தோம்.

பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் அப்படி ஒரு ஊர் இருக்கிறது. தரகர் ஒருவர் இடுப்பில் சாவிக்கொத்தோடு நிறுத்தத்திலேயே காத்திருந்தார். "கட்டி எண்பது வருஷம் ஆகுது சார், ஆனா குணமுள்ள வீடு" என்றார். என்ன குணம் என்று கேட்டேன். "அது பழகப் பழகத் தெரியும் சார்" என்றார். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கும்போது இப்படிப் பதில் வந்தால் எழுந்து வந்துவிடுவோம். வீடு என்பதால் உள்ளே போனோம். கூடத்தில் அவர் பேனா கீழே விழுந்தது; விழுந்த பேனா தானாக உருண்டு, நிலைப்படி தாண்டி, சமையலறைச் சுவரில் போய் முட்டி நின்றது. "பாருங்க சார், பெருக்கிற வேலை பாதிதான்" என்றார். மாடிப்படி பதின்மூன்று, ஒன்றின் உயரம் இன்னொன்றுக்கு இல்லை. படிக்கட்டு விளக்குக்கு சுவிட்சைப் போட்டால் குளியலறை விளக்கு எரிகிறது, குளியலறை சுவிட்சுக்கு எது எரிகிறது என்பது அவருக்கே தெரியவில்லை, பக்கத்து வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

மாடியில் தெருவைப் பார்த்து ஓர் அறை. மரத்தளம், அகலமான ஜன்னல், மேலே கலர் கண்ணாடி, கீழே உட்காரத் திட்டு. அவள் யாரையும் கேட்காமல் போய் அதில் உட்கார்ந்தாள். தரகருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கதவைப் பாருங்க, தேக்கு! இந்த மாதிரி இப்ப எவன் செய்யறான்?" என்று படாரென்று சாத்தினார். கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது. அதன் மறுபாதி வெளிப்பக்கம் விழுந்து, படிப்படியாக இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. கதவு அசையவில்லை. என் போனில் சார்ஜ் இல்லை, அவளுடையதும் தரகருடையதும் கீழே பையில். தரகர் தரையில் உட்கார்ந்து வேர்த்துக் கொட்டினார். "பதினாறு பேருக்கு இந்த வீட்டைக் காட்டியிருக்கேன் சார். ஒருத்தரும் மாடி வரைக்கும் வந்ததில்லை" என்றார்.

அப்போது உன் தம்பி பெண்டாட்டி ஜன்னலைத் திறந்தாள். நான் வருஷக்கணக்கில் கேட்காத குரலில், "ஹலோ, பச்சைக் குடை, உங்களைத்தான்" என்றாள். பச்சைக் குடை நிமிர்ந்தது. எதிரே தையல் கடை வைத்திருக்கும் அம்மா.

"மேல மாட்டிக்கிட்டோம்மா. இந்தத் தெருவுல தச்சர் இருக்காரா?"

"இருக்காரு, மூணாவது வீடு. இப்ப சாப்பிடப் போயிருப்பாரே."

"எங்க?"

"முக்குக் கடையில."

"முக்குக் கடைப் பக்கம் யார் போறீங்க? நீங்களா சார்? கொஞ்சம் சொல்லிடுங்க. ஏணி யார்கிட்ட இருக்கு? லைன்ல இருங்க, முதல்ல இவங்களை முடிச்சிடறேன்."

பழைய பழக்கத்தில் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது நிமிஷம் கீழே பதினொரு பேர், எல்லாரும் நடந்து வந்தவர்கள். முடிதிருத்துபவர் சீப்போடு வந்திருந்தார், அவர் பின்னால் பாதி முடி வெட்டிய ஒருவர் துண்டோடு. ஏணி வந்தது, ஜன்னலுக்கு ஓர் ஆள் உயரம் கீழேயே முடிந்துவிட்டது. தையல் அம்மா துணி உலர்த்தும் கயிற்றை வீசினாள். அதில் அவர்கள் கட்டிவிட்ட கூடையில் ஒரு பிளாஸ்க் டீயும் நாலு பன்னும் மேலே இழுத்துக்கொண்டோம். தரகர் மட்டும் இரண்டு பன் சாப்பிட்டார். "இந்த வீட்டை வாங்கத்தானே சார் வந்தீங்க?" என்று முடிதிருத்துபவர் கீழிருந்து கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். "நல்லா பாத்துக்குங்க. எப்படியும் நேரம் இருக்கு" என்றார். சிரிப்பு கிளம்பியது. அதில் இவளுடையதும் இருந்தது, தனியாகத் தெரிந்தது.

தச்சர் அவசரப்படவில்லை. சாப்பிட்டு, கை கழுவி, வந்து, மாடியேறி, வெளிப்பக்கமிருந்து கீலைக் கழற்றிக் கதவை அப்படியே தூக்கிச் சுவரில் சாய்த்தார். மொத்தம் நாற்பத்தேழு நிமிஷம். அதற்குள் இவளுக்கு ஆறு குடும்பங்களின் விவரம் தெரிந்திருந்தது. கதவு கழன்றதும் திரும்பிப் பார்த்து, "அதுக்குள்ளயா?" என்றாள்.

அக்கா, எதையும் நிதானமாக யோசிப்பவன் நான். இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஓரப் பார்வை இல்லாதவனுக்கு ஒழுங்கில்லாத படிகள் ஆகாது. சரிந்த தரையில் கட்டில் போட்டால் காலையில் எந்த அறையில் எழுந்திருப்போம் என்று சொல்லமுடியாது. நீ சொன்னதுதான் சரி. உங்கள் அடுக்குமாடியில் பதினோராவது மாடியில் காலியாக இருப்பதை எங்களுக்கே பேசிவிடு. தரை மட்டமாக இருக்கிறது, விரலை வைத்தால் கதவு திறக்கிறது என்றாயே, அது போதும். கடைகண்ணிக்கு அத்தான் கார் இருக்கிறது. பின்சீட்டில் நான் வாய் திறக்கமாட்டேன். இவளிடம் சொன்னேன். "உங்க இஷ்டம்" என்றாள். இந்த வார்த்தை எனக்குப் பழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை பின்னால் ஒரு வாக்கியமும் வரவில்லை. புதன்கிழமை நேரில் போய்த் தரகரிடம் மறுத்துவிட்டு வருகிறேன், அவ்வளவு பன் சாப்பிட்டவரிடம் போனில் சொல்வது முறையில்லை.

அத்தானுக்கு வணக்கம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல். மூத்தவள் நீ, எப்போதும்போல் திட்டாமல் எங்களை ஆசீர்வதிக்கவும்.

இப்படிக்கு,
உன் சொல்லைத் தட்டாத தம்பி

பி.கு.: மேலே உள்ளது திங்கட்கிழமை எழுதியது, தபாலில் சேர்க்க மறந்துவிட்டேன். இன்று வியாழன். நேற்று அந்த ஊருக்குப் போனேன். தரகர் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அதற்குள் நடந்துபோய் முடிவெட்டிக்கொண்டேன், நடந்துபோய் மருந்து வாங்கினேன், நடந்துபோய் ஒரு டீ குடித்தேன். யாருக்கும் போன் செய்யவில்லை, யாருக்காகவும் காத்திருக்கவில்லை, யாருடைய வண்டியிலும் ஏறவில்லை. ஏழு மாசத்தில் இதுதான் முதல் தடவை. தரகர் வந்ததும் வாயைத் திறந்தேன், "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று வந்தது. அவர் என்னை விசித்திரமாகப் பார்த்து, "அம்மா கையெழுத்துக்குக் கீழ போடுங்க சார். அவங்கதான் செவ்வாய்க்கிழமையே வந்து போட்டுட்டுப் போயிட்டாங்களே" என்றார். செவ்வாய்க்கிழமை பல் டாக்டரிடம் போவதாக என்னிடம் சொல்லியிருந்தாள். வீட்டுக்கு வந்து பல்வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன், பரவாயில்லை என்றாள். தரகர் என்ன சொன்னார் என்று கேட்டாள், வருத்தப்பட்டார் என்றேன். இன்று காலையிலிருந்து இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறோம். பதினோராவது மாடியை எங்களுக்குப் பேசவேண்டாம். முடிந்தால் கடிதம் கிடைத்த அன்றைக்கே போன் போட்டு, எங்களில் யாராவது ஒருவருக்கு விஷயத்தைச் சொல்லிவிடு.